சாவி உங்கள் முந்தானையில் இருக்கட்டும்

“பெண்ணுக்கு இன்ஜினீயரிங் அப்ளிகேஷன் போடணும். ஈமெயில் விலாசம் கேட்கிறார்கள். போன வருஷம் பிரவுஸிங் சென்டர் தம்பி ஏதோ ஒன்று போட்டுக் கொடுத்தது. அதை எப்படித் திறப்பது என்றே தெரியவில்லையே!” என்று திருமயத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். 2018 முதல் இன்ஜினீயரிங் கவுன்சலிங்கே ஆன்லைனில் என்று ஆகிவிட்டது. இப்படித் தவிக்கிற அம்மாக்கள் தெருவுக்கு நாலு பேர் உண்டு. ஆகவே கஷாயத்தையும் கைவைத்தியத்தையும் இந்தத் தடவை சற்று ஒதுக்கிவைத்துவிட்டு இதைப் பேசுவோம்.

ஈமெயில் ஒன்றும் மாயவித்தை இல்லை, நம் தபால்தான். மல்லிகை@ஜிமெயில்.காம் என்று ஒரு விலாசம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். (அடிக்கும்போது ஆங்கில எழுத்தில் அடிக்கணும், நடுவில் இடம் விடக் கூடாது.) வால் சுழித்த அந்தக் குறிக்கு ‘அட்’ என்று பெயர். 1971-ல் அமெரிக்காவில் ரே டாம்லின்சன் என்ற இன்ஜினீயர், ஆளின் பெயரையும் கம்ப்யூட்டரின் பெயரையும் பிரித்துக் காட்ட இதைப் போட்டார். குறிக்கு முன்னால் இருப்பது உங்கள் பெயர். பின்னால் இருப்பது உங்கள் தபாலாபீஸ். 622001 என்று பின்கோடு போட்டால் கடிதம் புதுக்கோட்டைக்கு வந்து, பிறகு பெயரையும் தெருவையும் பார்த்து வீட்டுக்கு வருகிறதல்லவா? அதே கதைதான். ஓர் எழுத்து பிசகினால் கடிதம் திரும்பிப் போகும், இல்லை யாரோ ஒருவர் பெட்டியில் விழும்.

அந்தப் பெட்டி உங்கள் போனுக்குள் இல்லை; ஈமெயில் கம்பெனியின் கம்ப்யூட்டரில் இருக்கிறது. போன் தண்ணீரில் விழுந்தாலும் கடிதம் பத்திரம். வேறு எந்தப் போனிலும் திறக்கலாம். ஆனால் சாவி வேண்டுமே! பாஸ்வேர்டுதான் அந்தச் சாவி. அது மறந்துபோனால், நீங்கள் முதலில் கொடுத்து வைத்த போன் நம்பருக்கு ஒரு ரகசிய எண் வரும். அங்கே கடைக்காரத் தம்பியின் நம்பர் இருந்தால் எண் அவருக்குத்தான் போகும். விலாசம் உங்களுடையது, வீடு அவருடையது என்று ஆகிவிடும். திருமயம் சகோதரி அந்தத் தம்பியிடம் கேட்டுப் பார்க்கட்டும். சரிவராவிட்டால் தம் சொந்த நம்பரில் புது விலாசம் திறந்து, அப்ளிகேஷனில் அதையே எழுதட்டும். காசு கிடையாது.

1991-ல் நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் பெண்களைச் சைக்கிள் கற்றுக்கொள்ளச் சொல்லி ஊக்கம் கொடுத்தார். கூலி வேலைக்குப் போகிறவர்களும் ஆயிரக்கணக்கில் கற்றுக்கொண்டார்கள். அதுவரை கேரியரில் உட்கார்ந்து போனவர்கள் ஹேண்டில்பாரைப் பிடித்தார்கள். ஈமெயிலிலும் நாம் கேரியரில் உட்கார்ந்திருக்க வேண்டாம்.

கவனிக்க வேண்டியவை:

1. குழந்தையின் பெயர், பிறந்த தேதி இவற்றைப் பாஸ்வேர்டாக வைக்காதீர்கள். நீளமாக, பிறர் ஊகிக்க முடியாததாக வையுங்கள். நோட்டில் எழுதினால் நோட்டைப் பீரோவில் வைத்துப் பூட்டுங்கள்.

2. கடைக் கம்ப்யூட்டரில் திறந்தால், எழுந்திருக்குமுன் ‘சைன் அவுட்’ செய்யுங்கள். கதவைத் திறந்து போட்டுவிட்டுக் கோவிலுக்குப் போவோமா?

3. ஜிமெயிலில் இலவச இடம் 15 ஜி.பி. குழந்தையின் போட்டோக்களை அந்தக் கணக்கிலேயே சேர்த்து வைத்தால் அதுவும் இதற்குள்தான். இடம் நிரம்பினால் புதுக் கடிதம் வராது. வேண்டாததை அவ்வப்போது கழியுங்கள்.

4. கடிதம் வரவில்லையென்றால் ‘ஸ்பாம்’ பெட்டியிலும் பாருங்கள். இரண்டு வருஷம் தொடாமலே கிடந்தால் கணக்கையே அழித்துவிடலாம் என்பது கூகுள் கம்பெனியின் விதி.

5. ‘பரிசு விழுந்திருக்கிறது’, ‘பாங்க் கணக்கு முடங்கும்’ என்று வருவதை நம்பி எதையும் தொடாதீர்கள். ஓ.டி.பி.யை எவர் கேட்டாலும் சொல்லாதீர்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்குப் போன் செய்யுங்கள்.

இன்று மத்தியானம் பாத்திரம் கழுவி முடித்ததும், வெளியூரில் இருக்கும் தங்கைக்கோ நாத்தனாருக்கோ ‘சௌக்கியமா?’ என்று இரண்டு வரி உங்கள் கையாலேயே அடித்து அனுப்புங்கள். பதில் வந்தால் விலாசம் சரி, சாவியும் உங்களிடம்தான்!