கண்ணால் கண்ட ஆயிரம் அடி

கொருக்குப்பேட்டையில் ஒரு ராத்திரி. கரண்ட் கட். புழுக்கம் தாங்காமல் எல்லாக் குடித்தனக்காரர்களும் மொட்டை மாடியில் ஆஜர். திடீரென்று வடக்கே ஆரஞ்சு நிறத்தில் ஒரு வெளிச்சம் கிளம்பி மேலே ஏறியது.

"தோ பாருணா, பறக்கும் தட்டு!" என்றான் பக்கத்து வீட்டு வெல்டர் பையன். "மணலி ரிஃபைனரிக்கு நேர் மேல. ஆயிரம் அடி கூட இருக்காது."

"போடா, அது எண்ணூர் கிட்ட. நம்ம தண்ணி டாங்க் சைஸ் இருக்கு" என்றார் கீழ் போர்ஷன் ரயில்வே குமாஸ்தா.

"ராக்கெட்டா இருக்கும்பா" என்று நான் இழுத்தேன்.

"ராக்கெட்டுன்னா சத்தம் வராதா சார்? இது கம்முனு போவுது பாருங்க!"

பத்து நிமிஷம் கழித்து செல்போனில் விடை வந்தது. ஸ்ரீஹரிகோட்டாவில் பி.எஸ்.எல்.வி. விட்டிருந்தார்கள். இங்கிருந்து சுமார் 65 கிலோமீட்டர். சத்தம் அவ்வளவு தூரம் தாக்குப்பிடித்தாலும், வந்து சேர மூன்று நிமிஷத்துக்கு மேல் ஆகும். அதற்குள் சண்டை முற்றி, யார் காதிலும் எதுவும் விழுகிற நிலைமை இல்லை.

இதில் ஒருவரும் பொய் சொல்லவில்லை என்பதுதான் விசேஷம். வானத்தில் ஒரு வெளிச்சத்தைப் பார்த்தால் நம் கண்ணுக்குக் கிடைப்பது கோணம் மட்டும்தான். தூரம் தெரியாது. தூரம் தெரியாவிட்டால் உயரம், சைஸ், வேகம் மூன்றுமே அம்பேல். 20 டிகிரி கோணத்தில் தெரிகிற வெளிச்சம் ஐந்து கிலோமீட்டரில் இருந்தால் அதன் உயரம் இரண்டு கிலோமீட்டருக்கும் குறைவு. அதுவே 65 கிலோமீட்டரில் இருந்தால் சுமார் 24 கிலோமீட்டர்! கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். மனசு சும்மா இருக்காமல், தெரிந்த ஒரு புகைபோக்கியைப் பக்கத்தில் நிறுத்தி மீதியை ரொப்பிக்கொள்கிறது.

1968 மார்ச் 3-ம் தேதி ராத்திரி அமெரிக்காவில் இதே கதை. ரஷ்யாவின் 'ஸோண்ட் 4' விண்கலத்தை அனுப்பிய ராக்கெட்டின் துண்டுகள் காற்று மண்டலத்தில் எரிந்துகொண்டே போயின. சிலர் பார்த்தது என்ன தெரியுமா? சுருட்டு வடிவத்தில் ஒரு கப்பல், அதில் வரிசையாக ஜன்னல்கள்! எரிகிற துண்டுகள் ஜன்னலாயின. நடுவே இருந்த இருட்டு கப்பலாயிற்று.

சரி, இதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்கிறீர்களா? லடாக்குக்கு வாருங்கள். 2012 ஆகஸ்டிலிருந்து 2013 பிப்ரவரி வரை எல்லையில் நம் ஜவான்கள் மர்ம வெளிச்சங்களை 329 தடவை பதிவு செய்தார்கள். அதில் 155 தடவை எல்லைக் கோட்டைத் தாண்டி வந்ததாகக் கணக்கு. சீனாவின் வேவு விமானமோ என்று சந்தேகம். பெங்களூர் வானியற்பியல் கழக விஞ்ஞானிகளைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். ஆராய்ந்து பார்த்ததில், ஒன்று வியாழன், மற்றது வெள்ளி! நல்லவேளை, சுடுவதற்கு முன் கேட்டார்கள்.

ஜவான்களைக் குறை சொல்லாதீர்கள். இருட்டில் ஒற்றை ஒளிப் புள்ளியையே முறைத்துக்கொண்டிருந்தால், நிற்பதும் நகர்வது மாதிரி தெரியும். நீங்களே இன்றைக்கு ராத்திரி முயன்று பாருங்கள்.

அப்படியானால் சாட்சி என்னதான் சொல்லலாம்? மணி என்ன, எந்தத் திசை, எத்தனை விநாடி. உயரத்துக்குக் கையை நீட்டி முஷ்டியை மடக்குங்கள். ஒரு முஷ்டி சுமார் 10 டிகிரி, சுண்டுவிரல் அகலம் ஒரு டிகிரி. 'யார் முஷ்டி?' என்று கேட்பீர்கள். சின்னப் பையனுக்கு முஷ்டி சின்னது, ஆனால் கையும் குட்டை. கணக்கு ஏறக்குறைய சரியாகிவிடும்.

இது ஆகாயத்துக்கு மட்டுமில்லை. எண்ணூர் ரோட்டில் லாரி மோதினால், "நூறு கிலோமீட்டர் ஸ்பீடுல வந்தான் சார்" என்று சொல்ல நாலு பேர் ரெடி. அந்த 'நூறு' ஒரு டிரைவரின் பிழைப்பு. பார்த்ததைச் சொல்வது வேறு, ஊகித்ததைச் சொல்வது வேறு.

போன வாரம் வெல்டர் பையன் மாடியிலிருந்து குரல் கொடுத்தான்.

"ணா, மேற்கால ஒரு வெளிச்சம். ரெண்டு முஷ்டி உசரம்!"

"எவ்வளவு தூரத்துலடா?"

"அது எனக்கு எப்படிணா தெரியும்?"

பையன் தேறிவிட்டான்.