விற்பதா, வைத்திருப்பதா?

ஒவ்வோர் ஆண்டும் ஜூலை மாத இறுதியில் அமெரிக்காவின் பேஸ்பால் இரசிகர்களிடையே ஒரு விவாதம் சூடுபிடிக்கும். அவர்கள் ஆதரிக்கும் குழு தோல்விமேல் தோல்வி கண்டு, பட்டியலின் அடியில் கிடக்கிறது. அக்குழுவில் ஒரே ஒரு நட்சத்திர ஆட்டக்காரர் இருக்கிறார். அவருடைய பெயர் பொறித்த சட்டையை அணிந்துகொண்டுதான் சிறுவர்கள் அரங்கத்திற்கு வருகிறார்கள். அவரை வேறொரு குழுவிற்குக் கொடுத்துவிட்டு, ஈடாக இளம் ஆட்டக்காரர்களைப் பெறுவதா? அல்லது, நடப்பது நடக்கட்டும் என்று அவரை வைத்துக்கொண்டே போராடுவதா?

இது வெறும் விளையாட்டுப் பேச்சு என்று ஒதுக்கிவிட முடியாது. கையில் இருப்பதை நாளைய நன்மைக்காக எப்போது விட்டுக்கொடுக்கலாம் என்னும் கேள்வி அதற்குள் அடங்கியிருக்கிறது. நிலைமை வேண்டினால் நட்சத்திர ஆட்டக்காரரைக் கொடுப்பது தவறன்று என்பதே என் கருத்து. ஆனால், கொடுப்பது பாதி வேலைதான். மீதிப் பாதியைச் செய்யாத நிர்வாகம், இரசிகர்களிடம் பொறுமையாக இருங்கள் என்று கேட்க முடியாது. இதனை வாஷிங்டன் நேஷனல்ஸ் என்ற குழுவின் அனுபவத்தைக் கொண்டு விளக்க விரும்புகிறேன்.

முதலில் விதிமுறைகளைச் சற்றுத் தெரிந்துகொள்வோம். மேஜர் லீக் பேஸ்பால் போட்டியில் 30 குழுக்கள் உள்ளன. ஒவ்வொரு குழுவும் ஒரு பருவத்தில் 162 ஆட்டங்கள் ஆடும். பருவத்தின் நடுப்பகுதி கடந்ததும், பெரும்பாலும் ஜூலை இறுதியில், ஆட்டக்காரர் பரிமாற்றத்திற்கான காலக்கெடு வந்துவிடும். காற்பந்தில் ஒரு குழு இன்னொரு குழுவின் ஆட்டக்காரரைப் பணம் கொடுத்து வாங்குவதை நீங்கள் அறிவீர்கள். பேஸ்பாலில் பெரும்பாலும் பண்டமாற்று முறைதான். ஆட்டக்காரரைக் கொடுத்து ஆட்டக்காரரைப் பெறுவார்கள். கிண்ணத்தை வெல்லும் வாய்ப்புள்ள குழு, புகழ்பெற்ற ஆட்டக்காரரைப் பெற்றுக்கொண்டு தன் இளைஞர்களைக் கொடுக்கும். வாய்ப்பை இழந்த குழு அந்த இளைஞர்களைப் பெற்றுக்கொள்ளும்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. ஐரோப்பியக் காற்பந்தில் கடைசி இடங்களைப் பிடிக்கும் குழுக்கள் கீழ்நிலைப் போட்டிக்கு இறக்கப்படும். ஆகவே, அவை இறுதிவரை உயிரைக் கொடுத்து ஆடும். மேஜர் லீக் பேஸ்பாலில் அந்த அச்சம் இல்லை. மாறாக, தோற்ற குழுக்களுக்குப் புதிய ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும்போது முந்திக்கொள்ளும் வாய்ப்பு அதிகம். அதனால், தோற்கும் குழு தன் நட்சத்திரங்களைக் கொடுத்துவிட்டு எதிர்காலத்தைப் பார்ப்பது அங்கு வழக்கமாகிவிட்டது.

இனி, நேஷனல்ஸ் குழுவின் கதைக்கு வருவோம். 2019ஆம் ஆண்டு மே மாதத்தில் அக்குழு 50 ஆட்டங்களில் 31இல் தோற்றிருந்தது. அதன் பெரும் நட்சத்திரமான பிரைஸ் ஹார்ப்பர் அதே ஆண்டின் தொடக்கத்தில்தான் வேறு குழுவில் சேர்ந்திருந்தார். பயிற்றுநர் டேவ் மார்ட்டினெஸை நீக்க வேண்டும் என்ற குரல் எழுந்தது. அந்தப் பருவம் முடிந்துவிட்டது என்றே பலர் எண்ணினர்.

ஆனால், நிர்வாகம் அவரை நீக்கவில்லை. குழுவும் மெல்ல மெல்ல எழுந்தது. ஜூலை இறுதிக்குள் வெற்றிகளின் எண்ணிக்கை தோல்விகளைத் தாண்டிவிட்டது. எனவே, காலக்கெடு வந்தபோது நிர்வாகம் முன்னணி ஆட்டக்காரர் எவரையும் விட்டுவிடாமல், தன் குறையைச் சரிசெய்ய முனைந்தது. ஆட்டத்தின் பிற்பகுதியில் வந்து பந்து வீசுவோர்தாம் அக்குழுவின் பலவீனம். அதற்காக மூன்று பந்து வீச்சாளர்களை அது வாங்கியது. அவர்களுள் ஒருவர் டேனியல் ஹட்சன். அதே ஆண்டு அக்டோபர் 30ஆம் தேதி, 'வேர்ல்டு சீரிஸ்' எனப்படும் இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் கடைசிப் பந்தை வீசி வெற்றியை உறுதிசெய்தவர் அவரே. 1924ஆம் ஆண்டிற்குப் பிறகு வாஷிங்டன் நகரத்திற்குக் கிடைத்த முதல் வேர்ல்டு சீரிஸ் கிண்ணம் அது. அத்தொடரில் ஹுவான் சோட்டோ என்ற இளைஞர் மிகச் சிறப்பாக ஆடினார். டொமினிக்கன் குடியரசைச் சேர்ந்த அவர், அத்தொடர் நடந்துகொண்டிருந்தபோதுதான் 21 வயதை எட்டினார்.

இரண்டே ஆண்டுகளில் காட்சி மாறியது. 2021 ஜூலை இறுதியில், காலக்கெடுவிற்கு முந்திய இரண்டு நாள்களுக்குள், நேஷனல்ஸ் எட்டு ஆட்டக்காரர்களைப் பிற குழுக்களுக்குக் கொடுத்தது. மேக்ஸ் ஷெர்சர், டிரே டர்னர் போன்ற முன்னணி ஆட்டக்காரர்கள் அவர்களுள் அடங்குவர். இறுதிப் பந்தை வீசிய ஹட்சனும் போய்விட்டார். எஞ்சிய பெரிய நட்சத்திரம் சோட்டோ மட்டுமே.

மறு ஆண்டு நிர்வாகம் சோட்டோவிடம் 15 ஆண்டுகளுக்கு 440 மில்லியன் அமெரிக்க வெள்ளி தருவதாகக் கூறியது. அவர் மறுத்துவிட்டார். 2022 ஆகஸ்ட் 2ஆம் தேதி, அவ்வாண்டின் காலக்கெடு நாளில், நேஷனல்ஸ் அவரையும் ஜோஷ் பெல்லையும் சான் டியேகோ பாட்ரேஸ் குழுவிற்குக் கொடுத்தது. அதற்கு ஈடாக ஆறு பேரைப் பெற்றது. அவர்களுள் ஐவர் இளைஞர்கள். ஜேம்ஸ் வூட் என்பவருக்கு அப்போது வயது 19தான். மேஜர் லீக்கில் அவர் ஓர் ஆட்டம்கூட ஆடியதில்லை.

இரசிகர்கள் இரு அணிகளாகப் பிரிந்தனர். "வைத்திருக்க வேண்டும்" என்போரின் வாதத்தில் வலு இருந்தது. 23 வயதில் இத்தகைய திறமை பெற்ற ஒருவர் ஒரு தலைமுறைக்கு ஒருமுறைதான் கிடைப்பார். இளைஞர்கள் ஐவரும் எதிர்காலத்தில் எப்படி ஆடுவார்கள் என்பது யாருக்குத் தெரியும்? கிடைக்கப்போகும் பலாக்காயைவிடக் கிடைத்த களாக்காயே மேல் என்பார்கள். இங்கோ கையில் இருந்ததே பலாப்பழம்! மேலும், 2019இல் முடிந்துபோன பருவத்தையே இந்தக் குழு மீட்டெடுக்கவில்லையா? கூடுதல் பணம் கொடுத்தாவது அவரைத் தக்கவைத்திருக்கலாமே என்றும் அவர்கள் கேட்டனர்.

"கொடுத்தது சரியே" என்போர் வேறு விதமாகச் சிந்தித்தனர். மேஜர் லீக்கில் ஆறு ஆண்டுகள் ஆடி முடித்தவர், ஒப்பந்தம் ஏதும் இல்லையென்றால், தாம் விரும்பும் குழுவில் சேரலாம். சோட்டோவிற்கு அந்த உரிமை 2024ஆம் ஆண்டு இறுதியில் கிடைக்கவிருந்தது. அதுவரை காத்திருந்தால், அவர் வேறு குழுவிற்குப் போகும்போது நேஷனல்ஸ் அவருக்கு ஈடான பலனைப் பெற முடியாது. இலவு காத்த கிளியின் கதையாகிவிடும்.

இவ்விரண்டு தரப்பையும் எடைபோட மூன்று கேள்விகள் நமக்கு உதவும்.

முதலாவது, குழு இன்று உண்மையில் எங்கே நிற்கிறது? 2019 ஜூலையில் நேஷனல்ஸ் வெற்றிப் பாதையில் இருந்தது. திறமையானவர்கள் பலர் இருந்தனர். ஒரு குறைதான் தெரிந்தது. 2022 ஜூலையில் அது மூன்று ஆட்டங்களில் இரண்டில் தோற்றுக்கொண்டிருந்தது. நட்சத்திரம் இருந்தும் அந்த நிலை! பேஸ்பாலில் ஒரு மட்டையாளர் ஓர் ஆட்டத்தில் நான்கைந்து முறைதான் பந்தை எதிர்கொள்வார். தம் முறை வரும்வரை அவர் காத்திருக்கத்தான் வேண்டும். காற்பந்தில் ஒருவர் பந்தைத் தம் வசமாக்கிக்கொண்டு ஆட்டத்தையே மாற்றுவதைப் போல இங்குச் செய்ய முடியாது. எனவே, 2019இல் பலித்தது 2022இலும் பலிக்கும் என்பது நினைவின் இனிமையால் வந்த நம்பிக்கையே தவிர, நிலைமையை ஆராய்ந்து வந்த முடிவன்று.

இரண்டாவது, அந்த ஆட்டக்காரர் எவ்வளவு காலம் நம்மிடம் இருப்பார்? மீதமிருந்தது ஏறத்தாழ இரண்டரைப் பருவம். அதற்குள் அடிமட்டத்திலிருந்து ஒரு குழுவைக் கட்டியெழுப்பி உச்சிக்குக் கொண்டுசெல்வது மிகக் கடினம். காலம் குறையக் குறைய, அவருக்கு ஈடாகக் கிடைப்பதும் குறையும். ஆகவே, கொடுப்பதென்றால் அதுவே தக்க தருணம்.

மூன்றாவது, பெறுவதை வளர்க்க நம்மால் முடியுமா? இந்தக் கேள்வியைத்தான் இரசிகர்களும் நிர்வாகங்களும் அதிகம் கேட்பதில்லை.

சோட்டோவிற்கு ஈடாக வந்தவர்கள் சோடை போகவில்லை. சி.ஜே. ஏப்ரம்ஸ் 2024ஆம் ஆண்டிலும், ஜேம்ஸ் வூட், மெக்கென்சி கோர் ஆகிய இருவரும் 2025ஆம் ஆண்டிலும், சிறந்த ஆட்டக்காரர்கள் மட்டுமே பங்கேற்கும் 'ஆல் ஸ்டார்' ஆட்டத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டனர். அப்படியானால் திட்டம் வென்றுவிட்டதா? குழுவின் கணக்கைப் பாருங்கள். 2022இல் 107 தோல்விகள். 2023இலும் 2024இலும் தலா 91 தோல்விகள். 2025இல் மீண்டும் 96. கிண்ணத்தை வென்ற 2019ஆம் ஆண்டிற்குப் பிறகு, 2025 வரை அக்குழு இறுதிக்கட்டப் போட்டிகளுக்கு ஒருமுறைகூடத் தகுதி பெறவில்லை. கிண்ணம் வென்றபோது பொறுப்பில் இருந்த பொது மேலாளர் மைக் ரிசோவும் பயிற்றுநர் மார்ட்டினெஸும் 2025 ஜூலையில் பணியிலிருந்து நீக்கப்பட்டனர்.

இதைக் காட்டி, "பார்த்தீர்களா, கொடுத்தது தவறு" என்று சிலர் சொல்லலாம். நான் அதனை ஏற்கவில்லை. பின்னால் நடந்ததை மட்டும் கொண்டு முன்னால் எடுத்த முடிவை அளப்பது முறையன்று. அந்த நாளில் கையில் இருந்த தகவல்களைக் கொண்டு பார்த்தால், கொடுத்தது சரியான முடிவே. வாங்கியவர்கள் நிலையும் இதையே உணர்த்துகிறது. பாட்ரேஸ் குழுவிடமும் சோட்டோ நீண்டகாலம் இருக்கவில்லை. 2023 டிசம்பரில் அது அவரை நியூயார்க் யாங்கீஸ் குழுவிற்குக் கொடுத்துவிட்டது. ஓராண்டுக்குப் பின் நியூயார்க் மெட்ஸ் குழு அவரை 15 ஆண்டுகளுக்கு 765 மில்லியன் வெள்ளி கொடுத்து ஒப்பந்தம் செய்தது. நேஷனல்ஸ் தருவதாகச் சொன்ன தொகையை அவர் மறுத்ததிலும் நியாயம் இருந்தது என்பது அப்போது தெளிவாயிற்று.

அவ்வாறெனில், குறை எங்கே? என் பார்வையில், நட்சத்திரத்தைக் கொடுத்தவுடன் வேலை முடிந்துவிட்டதுபோல் எண்ணுவதில்தான் குறை தொடங்குகிறது. மூன்று நான்கு திறமையான இளைஞர்கள் மட்டும் ஒரு குழு ஆகிவிட மாட்டார்கள். அவர்களுக்கு நல்ல பயிற்சி வேண்டும். தோள்கொடுக்க அனுபவசாலிகள் வேண்டும். உரிய நேரத்தில் செலவு செய்யும் துணிவும் வேண்டும். விதைநெல்லை வாங்கி வந்து களஞ்சியத்தில் வைத்தால் அறுவடை வருமா? உழ வேண்டும், நீர் பாய்ச்ச வேண்டும், களை எடுக்க வேண்டும்.

இரசிகர்களின் வருத்தத்தையும் நாம் எளிதாக எடுத்துக்கொள்ளக்கூடாது. கணக்குப் புரியாததால் அவர்கள் வருந்துகிறார்கள் என்று சிலர் ஏளனம் செய்வதுண்டு. அது தவறு. நுழைவுச்சீட்டு வாங்கி, மழையிலும் வெயிலிலும் வந்து கைதட்டுபவர்கள் அவர்களே. பத்து வயதுச் சிறுவனுக்கு "நான்கு ஆண்டுகள் பொறுத்திரு" என்று சொல்வது எளிது. நான்கு ஆண்டுகளில் அவன் உயர்நிலைப்பள்ளி மாணவனாகிவிடுவான். அவனுடைய இளமைக்காலத்தின் ஒரு பகுதியையே நிர்வாகம் கடனாகக் கேட்கிறது. கடன் வாங்கியவர் கணக்குக் காட்ட வேண்டாமா? குழு எந்த நிலையில் உள்ளது, எப்போது மீளும், அதற்கு என்ன செய்யப்படுகிறது என்பதை நிர்வாகம் ஒளிவுமறைவின்றிச் சொல்ல வேண்டும்.

தோற்கும் குழு நட்சத்திரத்தை விற்கலாம், வைத்துக்கொள்ளவும் செய்யலாம். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று நிற்பதுதான் ஆகாது. 2019இல் நேஷனல்ஸ் வைத்துக்கொண்டதற்கும் 2022இல் கொடுத்ததற்கும் தக்க காரணங்கள் இருந்தன. இரண்டும் வெவ்வேறு நிலைமைகளுக்கு ஏற்ற வெவ்வேறு முடிவுகள். ஆனால், 2019இல் முடிவெடுத்ததோடு நில்லாமல், அதற்குத் தேவையான பந்து வீச்சாளர்களையும் குழு தேடிப் பிடித்தது. கொடுத்த பிறகும் அதே முனைப்பு வேண்டும்.

அடுத்த முறை உங்களுக்குப் பிடித்த குழு தனக்குரிய நட்சத்திரத்தை விட்டுக்கொடுத்தால், வருந்துங்கள், அதில் வெட்கமில்லை. வருந்திய பிறகு, "ஏன் கொடுத்தீர்கள்?" என்பதோடு நின்றுவிடாதீர்கள். "பெற்றதை வைத்து என்ன செய்யப்போகிறீர்கள்?" என்றும் கேளுங்கள். அந்தக் கேள்வியை ஆண்டுதோறும் விடாமல் கேட்கும் இரசிகர்களே ஒரு குழுவின் உண்மையான காவலர்கள்.