காசு ஒரு பொருட்டே இல்லை என்றால் எந்தப் படகு?

"பணத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம். எப்படிப்பட்ட படகு வேண்டும், சொல்!"

இப்படி யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். பதில் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் வரும். நீச்சல் குளம், ஹெலிகாப்டர் இறங்க ஒரு தளம், உள்ளே ஒரு மினி தியேட்டர், மேல்தட்டில் சாய்வு நாற்காலி, கையில் இளநீர் (அல்லது வேறு ஏதாவது!). படகு கேட்டால் எல்லாரும் ஐந்து நட்சத்திர ஹோட்டலைத்தான் வரைந்து காட்டுகிறார்கள். ஹோட்டல் நிற்கிறது, இது மிதக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்தக் கேள்வி சிலருக்கு வெறும் கற்பனை இல்லை. நிஜமாகவே காசு ஒரு பொருட்டே இல்லாத மனிதர்கள் உலகத்தில் இருக்கிறார்கள். அவர்கள் என்ன படகு வாங்கினார்கள், அதற்கப்புறம் என்ன ஆச்சு என்று பார்த்தால் சுவாரஸ்யமாக இருக்கிறது.

முதலில் அளவு. ஜெர்மனியில் லூர்சன் நிறுவனம் கட்டி 2013ல் கொடுத்த 'அஸாம்' 180 மீட்டர் நீளம். ஒரு கால்பந்து மைதானத்தை வைத்து, அதன் பக்கத்தில் இன்னொரு முக்கால் மைதானத்தைச் சேர்த்தாற்போல! கட்டி முடித்தபோது உலகிலேயே நீளமான தனியார் சொகுசுப் படகு அதுதான்.

அடுத்து அமேசான் நிறுவனர் ஜெஃப் பெஸோஸின் 'கோரு'. 127 மீட்டர், மூன்று பாய்மரங்கள். விலை சுமார் 50 கோடி டாலர் என்று செய்திகள் சொல்லின. நெதர்லாந்தில் கட்டினார்கள். கட்டியதை வெளியே கொண்டுவரப் போனால் ராட்டர்டாம் நகரத்தில் 1927ல் கட்டிய பழைய ரயில் பாலம் குறுக்கே நிற்கிறது. பாய்மரம் பாலத்தைவிட உயரம். பாலத்தின் நடுப்பகுதியைக் கொஞ்ச நாளைக்குக் கழற்றி வைக்கலாமா என்று 2022ல் பேச்சு எழுந்ததும் ஊர் கொதித்துவிட்டது. படகு போகும்போது அழுகின முட்டை அடிக்கப் போகிறோம் என்று ஆயிரக்கணக்கானவர்கள் பேஸ்புக்கில் பெயர் கொடுத்தார்கள். கடைசியில் அந்தத் திட்டமே கைவிடப்பட்டது. அந்த ஆகஸ்டில் பாய்மரம் இல்லாத மொட்டைப் படகாக அதை வேறு வழியில் இழுத்துக்கொண்டு போனார்கள். இன்னொரு வேடிக்கை. கோருவுக்குத் துணையாக 75 மீட்டரில் 'அபியோனா' என்று இன்னொரு கப்பல் இருக்கிறது. ஹெலிகாப்டர் தளம் அதில்தான். ஆக, படகுக்கே ஒரு படகு தேவைப்பட்டிருக்கிறது!

சரி, வாங்கியாகிவிட்டது. காமர்ஸ் படிக்கிறவர்கள் யாரும் அடுத்த கேள்வியை விடமாட்டார்கள். வருடச் செலவு என்ன? வாங்கிய விலையில் பத்தில் ஒரு பங்கு என்பது இந்தத் தொழிலில் புழங்கும் தோராயக் கணக்கு. மாலுமிகள் சம்பளம், டீசல், இன்ஷூரன்ஸ், துறைமுகக் கட்டணம், பெயிண்ட் எல்லாம் இதில் அடக்கம். டிப்ரிசியேஷன் தனி! யானையைக் கட்டித் தீனி போட்ட கதைதான். யானையாவது கோயிலில் நின்று ஆசீர்வாதம் செய்யும்.

படகு எங்கேயும் போகாமல் சும்மா நின்றால்? அதற்கும் ஒரு நிஜ உதாரணம் இருக்கிறது. 106 மீட்டர் 'அமேடியா'வை 2022ல் பிஜி தீவில் பறிமுதல் செய்து அமெரிக்காவுக்குக் கொண்டு போனார்கள். ரஷ்யச் செல்வந்தர்கள் மீதான பொருளாதாரத் தடையையொட்டி எடுத்த நடவடிக்கை அது. கட்டி நிறுத்தியிருந்த அந்தப் படகைப் பராமரிக்க, இன்ஷூரன்ஸ் நீங்கலாக, மாதம் சுமார் 6 லட்சம் டாலர் ஆகிறது என்று அரசு தரப்பே நீதிமன்றத்தில் சொன்னது. வருடத்துக்கு 72 லட்சம் டாலர். எதற்கு? ஒன்றும் செய்யாமல் மிதப்பதற்கு!

"காசு இருக்கிறவன் செலவு செய்கிறான், உனக்கென்ன? நாலு பேருக்கு வேலை கிடைக்கிறதே" என்று சிலர் சொல்வார்கள். நியாயம்தான். கப்பல் கட்டும் தொழிலாளி, மாலுமி, சமையல்காரர் எல்லாருக்கும் அதில் சம்பளம் உண்டு. ஆனால் அதே தொழிலாளி வேறு மாதிரி படகு கட்டினாலும் அதே சம்பளம்தான். ஆப்பர்சூனிட்டி காஸ்ட் பாடத்தின் முதல் பக்கமே இதுதானே. செலவு செய்தாயா என்பது கேள்வி இல்லை, அதே காசில் வேறென்ன கிடைத்திருக்கும் என்பதுதான் கேள்வி.

வேறென்ன கிடைக்கும் என்பதற்கு ஒரு பணக்காரரே பதில் காட்டியிருக்கிறார். மைக்ரோசாஃப்ட்டை பில் கேட்ஸுடன் சேர்ந்து தொடங்கிய பால் ஆலன். 2003ல் வந்த அவருடைய 'ஆக்டோபஸ்' 126 மீட்டர். அதிலும் நீச்சல் குளம், ஹெலிகாப்டர் எல்லாம் உண்டு. கூடவே கடலடியில் தேடும் கருவிகளும் இருந்தன. இரண்டாம் உலகப் போரில் மூழ்கிய ஜப்பானின் ராட்சதப் போர்க்கப்பல் 'முசாஷி'யை 2015 மார்ச்சில் பிலிப்பைன்ஸ் கடலில் கண்டுபிடித்தது அவருடைய குழுதான். அதே ஆண்டு ஆகஸ்டில் 'ஹூட்' என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலின் மணியைக் கடலடியிலிருந்து மேலே கொண்டுவந்தார்கள். 1941ல் ஹூட் மூழ்கியபோது அதிலிருந்த 1,418 பேரில் பிழைத்தவர்கள் மூன்றே மூன்று பேர். செத்தவர்களின் குடும்பங்களுக்கு ஒரு கல்லறைகூடக் கிடையாது. இப்போது அந்த மணி போர்ட்ஸ்மவுத் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. போய்ப் பார்க்கலாம், நினைத்துக்கொள்ளலாம். ஆக்டோபஸின் மற்ற சொகுசெல்லாம் மறந்துவிடும், இது மறக்காது.

இதற்கு 126 மீட்டர்கூடத் தேவையில்லை. 'கலிப்ஸோ'வை எடுத்துக்கொள்ளுங்கள். போர்க்காலத்தில் அமெரிக்காவில் கட்டிய, கண்ணிவெடி அகற்றும் மரக்கப்பல். நீளம் சுமார் 42 மீட்டர். போர் முடிந்ததும் மால்டாவில் ஆள் ஏற்றும் ஃபெர்ரியாக ஓடிக்கொண்டிருந்தது. 1950ல் லோயல் கின்னஸ் என்ற பிரிட்டிஷ் செல்வந்தர் அதை வாங்கி, ழாக் கூஸ்தோவுக்கு வருடத்துக்கு ஒரே ஒரு ஃபிராங்க் வாடகைக்குக் கொடுத்தார். ஒரு ஃபிராங்க்! அந்தக் கப்பலிலிருந்து எடுத்த 'மௌன உலகம்' படம் 1956ல் கான் விழாவில் முதல் பரிசு வாங்கியது, ஆஸ்கரும் வாங்கியது. கடலுக்குள் என்ன இருக்கிறது என்பதைக் கோடிக்கணக்கான சாதாரண மக்கள் பார்த்தது கூஸ்தோவின் படங்களில்தான். குறையே இல்லாத கதையும் இல்லை. அதே படத்தில் சுறாக்களைக் கொல்கிறார்கள், மீன்களை எண்ணுவதற்காகப் பவளப்பாறைக்கு டைனமைட் வைக்கிறார்கள். அப்புறம் அதே கூஸ்தோதான் கடலைக் காப்பாற்றச் சொல்லி ஊர் ஊராகப் பேசினார்.

கின்னஸ் கனவு கண்டதும் ஒரு படகுதான். ஆனால் அதற்கு ஒரு வேலை இருந்தது.

அப்படியானால் கனவுப் படகு எப்படி இருக்கவேண்டும்? அதை ஓட்ட செங்கடல்வரை போகவேண்டியதில்லை. ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையில் மன்னார் வளைகுடாவில் பவளப்பாறைகள் சூழ்ந்த தீவுகள் இருக்கின்றன. வடக்கே பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரை இந்தியாவின் முதல் கடல்பசுப் பாதுகாப்பகமாகத் தமிழக அரசு 2022ல் அறிவித்தது. கடல்பசு, நம்மூர் மீனவர்கள் வாயில் ஆவுளியா, கடற்புல் மேயும் சாதுப் பிராணி. புல் வளர்வது ஆழம் குறைந்த தண்ணீரில். 180 மீட்டர் அரண்மனைக்கு அங்கே என்ன வேலை?

அங்கே வேண்டியது சின்னப் படகு. ஆழமில்லாத இடத்திலும் தரை தட்டாத அடிப்பாகம், புல்லைக் கிழிக்காமல் நிற்க வழி, சத்தம் போடாத மோட்டார், ஒரு சின்ன ஆய்வுக்கூடம், முங்கு உடைகள், நல்ல கேமரா. அந்தக் கடலைக் கைரேகை மாதிரி தெரிந்த உள்ளூர் மீனவர்களுக்கு நல்ல சம்பளத்தில் மாலுமி வேலை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருபது பேர் ஏறி உட்கார இடம். கடலோர ஊரில் பிறந்தும் தண்ணீருக்கு அடியில் இருக்கும் பவளத்தை ஒருமுறைகூடப் பார்க்காத பிள்ளைகள் எத்தனை பேர்! அவர்களுக்கு அதைக் காட்டவேண்டும்.

காசு ஒரு பொருட்டே இல்லை என்று ஆனபிறகு "எவ்வளவு பெரிசு?" என்ற கேள்விக்கு அர்த்தமே இல்லை. யார் வேண்டுமானாலும் இன்னும் பத்து மீட்டர் சேர்த்துக்கொள்ளலாம். அப்போது மிச்சமிருப்பது ஒரே கேள்விதான்: "இது எங்கே போகப் போகிறது, எதற்கு?"

அதற்குப் பதில் இருந்தால் ஒரு ஃபிராங்க் படகும் கனவுப் படகுதான். பதில் இல்லையென்றால் 50 கோடி டாலர் கொடுத்து வாங்கினாலும் அது துறைமுகத்தில் கட்டிவைத்த யானைதான்.

இப்போது சொல்லுங்கள். உங்கள் படகு எங்கே போகிறது?