'முதல் பெண்' என்னும் மாலை

போட்டித் தேர்வுக் கையேடுகளில் சி.பி. முத்தம்மாவுக்கு ஒரு வரி உண்டு: இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் பெண். கொஞ்சம் தடித்த கையேடாக இருந்தால், 1970இல் ஹங்கேரிக்குத் தூதராக நியமிக்கப்பட்டவர் என்று இன்னொரு வரி சேரும். பெண்களைக் கௌரவிக்கும் நம் வழக்கமே இதுதான். முதலில் உள்ளே நுழைந்தவளுக்கு மாலை போடுவோம். அதுவரை கதவைச் சாத்தி வைத்திருந்தவர் யார் என்று கேட்க மாட்டோம்.

குடகில் பிறந்து, சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரியில் படித்த முத்தம்மா, 1949இல் பணியில் சேர்ந்தார். இந்த வேலை பெண்ணுக்கு ஏற்றதல்ல என்று நேர்முகத் தேர்விலேயே அவர் மனத்தைக் கலைக்கப் பார்த்தார்கள். அவர் அசையவில்லை. திருமணம் செய்துகொண்டால் விலகிவிடுவேன் என்று எழுதி வாங்கிக்கொண்டே வேலை கொடுத்தார்கள். உடன் சேர்ந்த ஆண்கள் யாரும் அப்படி எழுதித் தர வேண்டியிருக்கவில்லை.

அது அரசியலமைப்புக்கு முந்தைய காலம் என்று சமாதானம் சொல்லலாம். 1950இல் அரசியலமைப்பு வந்தது. அரசு வேலையில் பால் வேறுபாடு கூடாது என்று அதன் 16ஆவது பிரிவு சொன்னது. அதற்குப் பதினோரு ஆண்டுகள் கழித்து, 1961இல், வெளியுறவுத் துறை தன் விதிகளை எழுதியது. பெண் அதிகாரி திருமணத்துக்கு முன் அரசிடம் எழுத்துமூலம் அனுமதி பெற வேண்டும். குடும்பப் பொறுப்பு வேலைக்கு இடையூறாகும் என்று அரசு கருதினால், மணமானபின் எப்போது வேண்டுமானாலும் அவளைப் பதவி விலகச் சொல்லலாம். மணமான பெண் இப்பணியை உரிமையாகக் கோர முடியாது.

ஊர் ஊராக, நாடு நாடாக மாறும் வேலை, குடும்பம் என்ன ஆகும் என்பார்கள். ஆண் அதிகாரியின் குடும்பமும்தானே மாறுகிறது? அவர் வீட்டில் விருந்தாளிகளை வரவேற்று, பிள்ளைகளைப் புதுப் பள்ளியில் சேர்த்து, பெட்டி கட்டி, பெட்டி பிரிக்கும் மனைவிக்கு எந்த அரசும் சம்பளம் தந்ததில்லை. ஆணுக்கு மணவாழ்வு பலம். பெண்ணுக்கு அதுவே தகுதிக்குறைவு. இந்த இரட்டைக் கணக்கைத்தான் 'நடைமுறைச் சிக்கல்' என்கிறார்கள்.

தூதராக இருந்தவருக்கே உயர்நிலைப் பதவி உயர்வு மறுக்கப்பட்டது. தகுதி போதாதாம்! முத்தம்மா உச்ச நீதிமன்றம் போனார். வழக்கு நிலுவையில் இருக்கும்போதே அரசு பதவி உயர்வைக் கொடுத்துவிட்டது. முளைக்காத தகுதி, மனு போட்டதும் முளைத்துவிட்டது! மணமான பெண்ணுக்கு உரிமையில்லை என்ற விதியை 1973இலேயே நீக்கிவிட்டோம், மற்றதையும் நீக்கப்போகிறோம் என்றும் அரசு சொன்னது. 1979 செப்டம்பரில் நீதிபதி கிருஷ்ண ஐயர் அந்த விதிகளைக் கடுமையாகச் சாடினார்; இளையவர்கள் முந்திய பணிமூப்பை மறுபரிசீலனை செய்யச் சொன்னார். ஆனால் மனு தள்ளுபடியானது.

பெண்ணுரிமைத் தீர்ப்பு என்று நாம் கொண்டாடும் அந்தத் தீர்ப்பிலும் ஒரு சந்து உண்டு. எல்லா வேலையிலும், எல்லாச் சூழலிலும் ஆணும் பெண்ணும் சமம் என்று பொதுவாக்கவில்லை என்கிறது அது. அந்தச் சந்து வழியாகத்தான் 'இந்த வேலை பெண்ணுக்குச் சரிவருமா' என்ற கேள்வி இன்றும் தலைநீட்டுகிறது.

முத்தம்மா கடைசிவரை மணம் செய்துகொள்ளவில்லை. அது அவர் விருப்பமாகவே இருந்திருக்கலாம். ஆனால் அந்த விருப்பத்தின் மேல் அரசின் நிபந்தனை உட்கார்ந்திருந்தது. உடன் பணியாற்றிய ஆண்களுக்கு அப்படி எதுவும் இல்லை.

1949இல் ஒரு பெண் அதிகாரி. வெளியுறவுச் செயலர் நாற்காலியில் ஒரு பெண், சொகிலா ஐயர், அமர்ந்தது 2001இல். இடையில் 52 ஆண்டுகள். முதல் பெண் யார் என்பது ஒரு மதிப்பெண் கேள்வி. இரண்டாமவளுக்கு ஏன் இத்தனை நாள் என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி. அதற்கான விடை கையேட்டில் இல்லை. 1961இன் விதிப் புத்தகத்தில் இருக்கிறது.