சொல்லும் பொருளும்: எழுவாய் எங்கே?



'கொமிட்மென்ட்' என்ற ஆங்கிலச் சொல்லை நாம் தாராளமாகப் புழங்குகிறோம். அதன் இலத்தீன் வேருக்கு 'நம்பி ஒப்படைத்தல்' என்பது ஒரு பொருள். நம் வழக்கில் அமானிதம் கொடுத்தல். பள்ளிவாசல் 'கொமிட்டி'யும் இதே வேரில் பிறந்ததுதான். பொறுப்பு ஒப்படைக்கப்பட்டவர் என்பதே அதன் முதற்பொருள், பதவி என்பதல்ல.

குர்ஆனை மனனம் செய்வது 'கொமிட் டு மெமரி', அதாவது நினைவிடம் ஒப்படைப்பது. சந்தேக நபரை நீதவான் மேல் நீதிமன்ற விசாரணைக்கு அனுப்புவது 'கொமிட் ஃபோர் ட்ரயல்'. களவு, கொலை செய்வதற்கும் இதே வினைதான்!

விண்ணப்பம் எழுதும் பிள்ளைகள் 'கொமிட்டெட் டு டீச்' என்று எழுதுகிறார்கள். 'டு டீச்சிங்' என்பதே சரி. இங்கே 'டு' நமது 'கு' உருபு போன்றது. அதனோடு பெயர்ச்சொல்தான் வரும்: கற்பித்தலுக்கு.

இன்னொன்றையும் கவனியுங்கள். 'கொமிட்டெட்' செயப்பாட்டு வினையாகவும் வரும். அரபு இலக்கணத்தில் அவ்வினையை 'மஜ்ஹூல்' என்போம். 'அறியப்படாதது' என்று பொருள். செய்தவன் மறைந்துகொள்வான். செயப்படுபொருள் அவனது இடத்தில் 'நாயிபுல் ஃபாஇல்', அதாவது பதிலாள் ஆக அமரும்.

1985 மே 15 அன்று நெடுந்தீவிலிருந்து குறிகாட்டுவானுக்குச் சென்ற குமுதினிப் படகு கடலில் மறிக்கப்பட்டது. பெண்கள், குழந்தைகள் உட்பட 20க்கு மேற்பட்டோர் வெட்டிக் கொல்லப்பட்டனர். படகேறுபவர் தம் உயிரையே ஒப்படைத்து ஏறுகிறார். அந்த அமானிதத்தின்மீது கொலை நிகழ்த்தப்பட்டது. மறிக்கப்பட்டது, கொல்லப்பட்டனர், நிகழ்த்தப்பட்டது: எல்லாம் மஜ்ஹூல். உயிர் தப்பியவர்களோ எழுவாயைச் சொன்னார்கள்: கடற்படையினர். நெடுந்தீவு மக்கள் ஆண்டுதோறும் அந்நாளை நினைவுகூர்ந்து நீதி கேட்கிறார்கள். 'கொலை செய்தல்' என்ற பொருளில் நடந்ததற்கு, 'விசாரணைக்கு ஒப்படைத்தல்' என்ற பொருளில் பதில் கேட்கிறார்கள்.

1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் 'வெளியேற்றப்பட்டனர்' என்றும் எழுதுகிறோம். அங்கும் எழுவாய் உண்டு: வெளியேற்றியவர்கள் விடுதலைப் புலிகள். ஒரு துயரத்துக்கு எழுவாய் கேட்டு மற்றதற்குக் கேட்காமல் விடுவது நியாயமன்று.

ஆகவே, 'நாங்கள் கொமிட்டெட்' என்று எந்த அறிக்கை வந்தாலும் மூன்று கேள்விகள் கேளுங்கள்: யார், எதை, யாரிடம் ஒப்படைத்தார்? பதில் இல்லையென்றால் அது வாக்குறுதி அல்ல, வெறும் ஓசை.

இந்தப் பழக்கத்தை வீட்டிலிருந்தே தொடங்கலாம். பிள்ளையிடம் 'பார்த்துச் செய்யப்படும்' என்று சொல்லாதீர்கள். 'வெள்ளிக்கிழமை அஸருக்குப் பின் நான் செய்து தருகிறேன், இன்ஷா அல்லாஹ்' என்று சொல்லுங்கள். சொன்னபடி செய்யுங்கள்.