மொழிபெயர்ப்பாளருக்குக் கூலி கொடுங்கள்

அமெரிக்கக் கிறிஸ்தவச் சபைகளிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 16 லட்சம் பேர் குறுகிய கால மிஷன் பயணமாக வெளிநாடு போகிறார்கள் என்று சமூகவியலாளர் ராபர்ட் வுத்நோ 2000-களின் நடுவில் கணக்கிட்டார். விடுமுறைக்குள் அடங்கும் ஒரு வார, இரண்டு வாரப் பயணங்கள் இவை. மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும் அருகில் இருப்பதால் அங்கே கூட்டம் அதிகம். குவாத்தமாலாவின் மலைக்கிராமங்களில் நடக்கும் மருத்துவ முகாம்களுக்கு டாக்டரையும் நர்ஸையும் தகுதி பார்த்துத்தான் சேர்க்கிறார்கள். மொழிபெயர்ப்புக்கு மட்டும், பள்ளியில் நான்கு ஆண்டு ஸ்பானிஷ் படித்த இளைஞர் போதும் என்று பல குழுக்கள் இருந்துவிடுகின்றன. அந்த இளைஞரின் நல்ல மனதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் முகாமின் மொழிபெயர்ப்பை, வந்தவர்களில் யாரோ ஒருவர் செய்யும் தொண்டாக விட்டுவைப்பது நோயாளிக்குச் செய்யும் அநீதி. அந்த வேலைக்கு உள்ளூர்க்காரர் ஒருவரைப் பயிற்சியும் கூலியும் கொடுத்து அமர்த்த வேண்டும்.

குவாத்தமாலாவில் ஸ்பானிஷ் தவிர 22 மாயா மொழிகளும், கரிஃபுனா, ஷிங்கா மொழிகளும் இருக்கின்றன. 2003-இல் வந்த தேசிய மொழிகள் சட்டம் இவற்றை ஏற்றுக்கொண்டது. மலையில் வாழும் வயதான பெண்கள் பலருக்கு கிச்சே போன்ற தாய்மொழிதான் மொழி. சந்தையில் பேரம் பேசும் அளவுக்குத்தான் ஸ்பானிஷ் வரும். எனவே பாட்டி கிச்சேயில் சொல்ல, பேத்தி அதை ஸ்பானிஷில் சொல்ல, தொண்டர் ஆங்கிலத்துக்கு மாற்றுகிறார். வலி எப்போது தொடங்கியது, எந்த வேலை செய்யும்போது கூடுகிறது, முன்பு என்ன மாத்திரை சாப்பிட்டார் என்று பாட்டி மூச்சுவிடாமல் சொன்னதெல்லாம் டாக்டர் காதுக்கு வரும்போது 'வயிற்று வலியாம்' என்று சுருங்கிவிடுகிறது. கர்ப்பப்பைக் கோளாறு என்றால் பேத்தி முன்னால் பாட்டி வாயே திறக்கமாட்டார்.

இது வெறும் ஊகமல்ல. குழந்தை மருத்துவர் கிளென் ஃப்ளோரஸ் குழுவினர் அமெரிக்க மருத்துவமனை ஒன்றின் குழந்தைகள் பிரிவில் ஸ்பானிஷ் மொழிபெயர்ப்போடு நடந்த 13 சந்திப்புகளைப் பதிவு செய்து 2003-இல் ஆய்வு வெளியிட்டார்கள். சராசரியாக ஒரு சந்திப்புக்கு 31 பிழைகள். அவற்றில் 63 சதவீதம் சிகிச்சையைப் பாதிக்கக்கூடியவை. மருந்து ஒவ்வாமை பற்றிய கேள்வி விடுபட்டது. முகத்துக்கு மட்டும் தடவ வேண்டிய களிம்பை உடம்பு முழுக்கத் தடவச் சொன்னார்கள். மருத்துவமனையின் மொழிபெயர்ப்பாளர் செய்த பிழைகளில் 53 சதவீதம் சிகிச்சையைப் பாதிக்கக்கூடியவை என்றால், கைக்குக் கிடைத்தவரைக் கொண்டு சமாளித்தபோது அது 77 சதவீதம். ஆய்வு சிறியதுதான். ஆனால் இரண்டே மொழிகள், முழு வசதியுள்ள மருத்துவமனை. மூன்று மொழிகள் கைமாறும் மலையில் நிலைமை மேலாக இருக்க வழியில்லை. கூட்டாட்சி நிதி பெறும் அமெரிக்க மருத்துவமனைகள், அவசர நிலை தவிர, சிறுவர்களை மொழிபெயர்க்க வைக்கக் கூடாது என்று 2016 முதல் விதி இருக்கிறது. தங்கள் நாட்டில் கூடாதென்று தெரிந்ததை ஏழை நாட்டில் சேவை என்று அழைக்கலாமா?

'சபையிடம் பணமில்லை' என்பார்கள். குவாத்தமாலாவின் குறைந்தபட்ச நாள் கூலி 20 டாலருக்குள்தான். ஒரு தொண்டரின் விமானக் கட்டணம், கிச்சேயும் ஸ்பானிஷும் தெரிந்த ஒரு உள்ளூர்ப் பெண்ணுக்கு அந்தக் குறைந்தபட்சத்தைவிடக் கூடுதலான கூலியைப் பல நாள் கொடுக்கப் போதும். 'இளைஞர்கள் வளர்வதற்கும் இந்தப் பயணம் உதவுகிறதே' என்பது இன்னும் நியாயமான மறுப்பு. வளரட்டும், பதிவேடு எழுதலாம், மருந்து எடுத்துக் கொடுக்கலாம். நோயாளியின் உடம்பில் அவர்கள் மொழி பழக வேண்டாம்.

'எங்கள் நோக்கம் மருந்து மட்டுமல்ல, சுவிசேஷம்' என்பவர்களுக்கு அவர்கள் மரபிலேயே பதில் இருக்கிறது. அமெரிக்க மிஷனரி கேமரன் டவுன்செண்ட் 1917-இல் ஸ்பானிஷ் வேதாகமம் விற்கக் குவாத்தமாலா போனார். காக்சிகேல் என்ற மாயா மக்கள் பலருக்கு அந்த மொழி எட்டவில்லை என்று கண்டு, அவர்களிடையே தங்கி அவர்கள் மொழியைக் கற்றார். புதிய ஏற்பாட்டை 1929-இல் மொழிபெயர்த்து முடித்தார். சுமார் பத்து ஆண்டு உழைப்பு அது. இன்று முகாம் முடிவில் ஜெபத்துக்கு அழைத்து, கையைத் தூக்கியவர்களை எண்ணிக்கொண்டு ஊர் திரும்பும் குழுக்கள் உண்டு. மருந்து வாங்க வந்தவர் அந்த அழைப்பை நிபந்தனை என்று நினைத்தாரா, விருந்தாளி மனம் நோகக் கூடாதென்று கை தூக்கினாரா என்பதை அந்த ஊரில் பிறந்த மொழிபெயர்ப்பாளரால்தான் சொல்ல முடியும். அப்படிச் சொல்வதாலேயே தன் வேலை போய்விடாது என்ற உறுதியையும் சபை அவருக்குக் கொடுக்க வேண்டும்.