தும்பிக்கைக்கு என்ன வியாதி?

உளுந்தூர்பேட்டையிலிருந்து சேலம் ரோட்டில் மேற்கே போனால் கள்ளக்குறிச்சி, சின்னசேலம். மரச்சிற்பம் செதுக்குகிற ஊர்கள். 'கள்ளக்குறிச்சி மரச்சிற்பம்' 2021-ல் புவிசார் குறியீடும் வாங்கியாச்சு.

இதை ஆன்லைனில் விற்க போட்டோ வேண்டும். போட்டோ என்றதுமே யாராவது கம்ப்யூட்டரில் உட்கார்ந்து 'க்ளீன்' பண்ண ஆரம்பித்துவிடுகிறார்கள். பிள்ளையார் தும்பிக்கையில் உளித்தடமா? அழி. மரத்தில் கணுவா? அழி. போட்டோஷாப்பில் இதற்கு 'ஹீலிங் பிரஷ்' என்று பெயர். குணப்படுத்துற பிரஷ்ஷாம்! தும்பிக்கைக்கு என்ன வியாதி?

லென்ஸ் தூசி, பின்னால் தொங்குகிற கொடிக்கயிறு... தாராளமா எடுங்க. அதெல்லாம் பொருளில் இல்லை. உளித்தடம் பொருளில் இருக்கு. கையால் செய்ததற்கு அதுதானே சாட்சி? சாட்சியை அழித்துவிட்டு 'கைவேலை' என்று கூடுதல் விலை கேட்டால் எப்படி சார்? மழமழவென்ற படத்தைப் பார்த்து வாங்கினவர், பார்சலைப் பிரித்ததும் 'டேமேஜ்' என்று திருப்பி அனுப்புவார். கடைசியில் செதுக்கினவர் தலையில்தான் விடியும்.

பிரிட்டனில் 2011-ல் ஜூலியா ராபர்ட்ஸ் முகத்தை ஓவராக டச்-அப் செய்ததற்காக லாங்கோம் விளம்பரத்துக்குத் தடை விழுந்தது. நம் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் முக்கியமான தகவலை வேண்டுமென்றே மறைப்பதை ஏமாற்று விளம்பரம் என்கிறது. அபராதம் 10 லட்சம் ரூபாய் வரை. கணு ஒரு தகவலா என்று வக்கீல்கள் வாதாடலாம். அழித்தது விரிசல் என்றால்?

ஸ்டுடியோக்காரரே, உளித்தடம் கிட்டத்தில் தெரிகிற மாதிரி ஒரு படம் சேர்த்துப் போடுங்க. பின்னணியில் வேண்டுமானால் தாஜ்மஹாலே வச்சுக்கோங்க.